கண்ணாடிக் கடையில் வேலை வாரம்

கணக்கு டீச்சருக்கு வருஷத்தில் ஒரு மாதம் தொலைபேசிதான் தொழில். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத் தேர்வுக்குப் படிக்க உட்காருவதற்கு முன்னால் ஒரு வாரம் வெளியே போய் எங்காவது வேலை பழகிவிட்டு வர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் ஏற்பாடு. பிள்ளைகள் அதை வேலை வாரம் என்பார்கள். அத்தனை பேருக்கும் இடம் தேடிக் கொடுக்கிற பொறுப்பு எந்தக் காலத்திலோ ஓர் ஆசிரியர் கூட்டத்தில் அவள் தலையில் விழுந்தது. அன்றைக்கு அவள் விடுப்பில் இருந்தாள். வராதவர் தலையில் கட்டுவதுதானே எந்தக் கூட்டத்துக்கும் வழக்கம்.

ஆனால் விழுந்த சுமையை அவள் ஏனோதானோ என்று சுமக்கவில்லை. பல் மருத்துவமனை, அச்சகம், நூலகம், தபால் நிலையம், செடி விற்கிற இடம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பேசுவாள். "ஒரு வாரம்தான் சார். காலைச் சுத்திக்கிட்டு நிக்க மாட்டான். சொன்ன வேலையைச் செய்வான், ஒண்ணும் சொல்லாட்டி பெருக்குவான்" என்பாள். பாதிப் பேர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தப்பிப்பார்கள். மறுநாள் காலையில் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போகும்.

பிள்ளைகளைத் தயார் செய்வதும் அவள்தான். பள்ளி விட்ட பிறகு மாடியில் கடைசி அறையில் கூடுவார்கள். முதலில் வேலைக்குப் போகிற இடத்தில் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை, அப்புறம் கணக்கு. ஒத்திகையில் டீச்சரே முதலாளி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உனக்கு என்னப்பா தெரியும்?" என்று அதட்டுவாள்.

"ஒண்ணும் தெரியாது சார்" என்றான் ஒருவன்.

"உண்மைதான். அத முதல் வார்த்தையாவா சொல்றது? 'கத்துக்கறேன் சார்'னு சொல்லு."

கணக்கிலும் அதே நிதானம். ஒரே சமன்பாட்டை ஒருவன் ஏழெட்டுத் தடவை கேட்டாலும், கடைசித் தடவையும் முதல் தடவை கேட்பவனுக்குச் சொல்வதுபோலவே சொல்வாள். அந்த அறையில் யாரும் 'எனக்குப் புரியல' என்று சொல்லக் கூச்சப்பட்டதில்லை.

அந்தப் பொறுமையெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி. அவள் வீட்டிலும் ஒருத்தி அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்ததால் சுண்டெலி என்று பெயர் விழுந்தது. இப்போது அம்மாவைவிட ஒரு சாண் உயரம். பெயர் மட்டும் வளரவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் இரண்டாவது தடவையே டீச்சரின் குரல் ஏறும். மூன்றாவது தடவை, "இது கூடவா?" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிடும். சுண்டெலி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

டீச்சரின் கணவர் சண்டை என்றால் பக்கத்து அறைக்குப் போய் எதையாவது துடைக்கிறவர். அந்த வருஷம் வீட்டில் தூசு என்பதே இல்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொன்னாங்க. தானே கணக்குப் போடும்னு யாரும் சொல்லல" என்று ஒரு நாள் துணியை உதறிக்கொண்டே சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

மாடி அறைக்கு வரச் சொல்லியும் மகள் வரவில்லை. "அங்க வந்தா நீ டீச்சராவும் இருக்க மாட்ட, அம்மாவாவும் இருக்க மாட்ட. நடுவுல ஏதோ ஒண்ணா இருப்ப" என்றாள்.

வேலை வாரத்துக்கு எல்லோருக்கும் இடம் கிடைத்து, மகள் ஒருத்திதான் பாக்கி. ஒரு நாள் சாப்பிடும்போது டீச்சர் பேச்சை எடுத்தாள். மேசையில் கணவரோடு டீச்சரின் அப்பாவும், சுண்டெலிக்குத் தாத்தா, இருந்தார்.

"நூலகத்துல இன்னொரு ஆள் எடுத்துக்கறாங்களாம். உன்னைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே ஒரு இடம் கேட்டுட்டேன்" என்றாள் சுண்டெலி. "மாமா கடையில."

தாத்தா தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கணவர் தண்ணீர் எடுக்க எழுந்தவர், கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

மாமா என்றால் டீச்சரின் ஒரே தம்பி. ஊரின் மறுபக்கம் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, கடைகளின் முகப்புக் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்தியும் கொடுப்பான். அக்காவும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன சமயம். ஓர் இரவு துணைக்கு இருக்க வேண்டியவன் தம்பி. மறுநாள் டீச்சருக்குத் தேர்வு மேற்பார்வை. நடுவில் ஏதோ அவசர வேலை என்று அவன் கிளம்பிப் போய்விட்டான். அப்பா தனியாக எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்து விழுந்தார். இடுப்பில் அடி, கூடுதலாக ஒரு மாதம் படுக்கை. விடிந்ததும் ஓடி வந்த டீச்சர், மருத்துவமனை நடையில் நர்சுகள் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எதையுமே முழுசா செய்யத் தெரியாது. படிப்பையும் பாதியில விட்ட, அப்பாவையும் பாதியில விட்ட." அவன் பதில் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவே இல்லை.

அப்பா அக்கா வீட்டில்தான் இருந்தார். தம்பி அவரைப் பார்க்க வருவான். ஆனால் அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். டீச்சர் சாயங்காலம் வீடு திரும்பினால் தொட்டியில் ஒரு டீ கோப்பை கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவள் அதைப் பார்ப்பாள், துடைத்து அலமாரியில் வைப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். சுண்டெலி சில நாள் அம்மாவுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமாவோடு பழக்கம் அப்படி வந்ததுதான்.

"பிள்ளைகள் தாங்களே இடம் தேடிக்கொள்ளலாம்; அது பாதுகாப்பான இடமாக இருந்தால் பள்ளி மறுக்கக் கூடாது" என்பது வேலை வாரத்தின் விதி. எழுதியவள் டீச்சரே. தன் விதி தன்னையே பார்த்துப் பல்லைக் காட்டினால் என்ன செய்வது? சரி என்றாள்.

முதலாளியோடு முன்கூட்டியே பேசி, பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று விளக்க வேண்டும். அந்த ஒரு அழைப்பை மட்டும் பள்ளி அலுவலகத்துக் கிளார்க்கிடம் தள்ளிவிட்டாள். அவர் பேசிவிட்டு வந்தார்.

"நல்ல மனுஷன் டீச்சர். கண்ணாடியைத் தூக்க விடக் கூடாது, வெட்டுற கருவியைத் தொட விடக் கூடாதுன்னேன். எல்லாத்துக்கும் சரின்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியும்" என்றாள். எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் வாரத்தின் நடுவில் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய்ப் பார்க்கிற வேலையை யாரிடமும் தள்ள முடியாது. புதன்கிழமை பல் மருத்துவமனை, அச்சகம் எல்லாம் முடித்து, கண்ணாடிக் கடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். பேருந்தில் இருந்து இறங்கி, ஒரு தரம் கடையைத் தாண்டி நடந்து, தெருமுனை வரை போய்த் திரும்பினாள்.

கடையின் கதவு அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் மரச் சட்டங்களில் கண்ணாடிகள் அளவுவாரியாகச் சாய்ந்து நின்றன. நடுவில் கம்பளம் ஒட்டிய பெரிய மேசை. டீச்சர் வாசலில் கால் வைத்தபோது, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடி அவளுக்குக் குறுக்கே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் பிடித்திருந்தவன் தம்பி. பின்பக்கம் பிடித்திருந்தவள், முழங்கை வரை உறை போட்டு, தடித்த மேலங்கி மாட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த சுண்டெலி.

டீச்சருக்கு அலறல் வாய் வரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கினாள். இப்போது ஒரு சத்தம் போட்டால் பெண் திரும்புவாள். திரும்பினால் பிடி நழுவும். அவள் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் முகம் தெரிந்தது, அதன் மேலேயே தன் முகமும் மங்கலாகத் தெரிந்தது.

"மெதுவா. இடது கால். கீழ பாக்காத, என்னைப் பாரு" என்றான் தம்பி. வாசல் பக்கம் அவன் பார்க்கவில்லை.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மாமா."

"இப்ப அடி விளிம்ப மேசை ஓரத்துல வை. வெச்சுட்டியா? விடாத. நான் சொன்னப்புறம் சாய்க்கணும்."

கண்ணாடி மேசையில் படுத்தது. சத்தமே வரவில்லை. சுண்டெலி கைகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள், அம்மாவைப் பார்த்தாள், அவள் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

தம்பியும் திரும்பினான். நெற்றி ஏறியிருந்தது, தாடியில் வெள்ளை கலந்திருந்தது. உறையைக் கழற்றிக்கொண்டே, "வாங்க டீச்சர்" என்றான்.

'வாங்க' என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பிறந்ததிலிருந்து அவளை அவன் 'நீ' என்று மட்டுமே சொல்லியிருக்கிறான்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்திருக்கேன்" என்றாள், அது அவனுக்குத் தெரியாதது மாதிரி. "கண்ணாடியைத் தூக்க விடக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க இல்லையா, சார்?"

"சொன்னாங்க. இன்னிக்கு என் ஆள் வரல. வாடிக்கையாளர் இப்ப வந்துருவாரு. அதான்."

"நான்தான் பிடிக்கறேன்னு சொன்னேன்" என்றாள் சுண்டெலி. "மாமா முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு."

"நீ கொஞ்சம் பேசாம இரு."

"தப்புதான். இனிமே நடக்காது" என்றான் அவன்.

அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சருக்குப் பயம் இன்னும் தெளியவில்லை. பயம் கோபமாக மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "இனிமேன்னு ஒண்ணு இல்ல சார். இதோட நிறுத்திக்கலாம். நாளைலேர்ந்து இவ வர மாட்டா" என்றாள்.

"சரிங்க டீச்சர்" என்றான். மேசைக்குத் திரும்பி அளவு நாடாவை எடுத்துக்கொண்டான்.

பேருந்தில் சுண்டெலி அம்மாவுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போன வருஷம் மர வேலை செய்யுற இடத்துல ஒருத்தன் இயந்திர ரம்பத்துல கை வெச்சானே, நீ என்ன செஞ்ச?"

டீச்சர் சோற்றைப் பிசைந்தாள்.

"எச்சரிக்கை குடுத்த. முதல் தடவைன்னா எச்சரிக்கை, ரெண்டாவது தடவைன்னாதான் நிறுத்தம். நீதான் இதே மேசையில உக்காந்து அப்பாகிட்ட சொன்ன. அவன் மிச்ச நாளும் அங்கதான் போனான்."

"அதுவும் இதுவும் ஒண்ணில்ல."

"எப்படி ஒண்ணில்ல? ரம்பம் கண்ணாடிய விட சாதுவா?"

கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். தாத்தா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சுண்டெலி குரலை உயர்த்தவே இல்லை. "அவன் வேற வீட்டுப் பையன். அதனால அவனுக்கு நியாயம் கிடைச்சுது. நான் உன் பொண்ணு, அவரு உன் தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் கிடைக்கல" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தாள்.

டீச்சர் அன்றைக்குத் தனக்குத் தானே நிறைய வாதாடிப் பார்த்தாள். கண்ணாடி பெரியது. பெண் சின்னவள். தாய்க்குப் பதறாதா? எல்லாம் உண்மைதான். ஆனால் இதையே வேறு ஓர் ஆசிரியர் செய்திருந்தால், 'விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே' என்று முதலில் கேட்டிருக்கக்கூடியவள் அவளேதான். அதை எப்படிச் சுற்றினாலும் அந்த இடத்துக்கே வந்து நின்றது.

மறுநாள் காலையில் பள்ளிக்கு முன்னால் கடைக்குப் போனாள். தம்பி அப்போதுதான் வந்து விளக்கைப் போட்டிருந்தான். முந்தைய நாள் வராத ஆளும் வந்து பின்பக்கம் இயந்திரத்தில் கண்ணாடியின் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தான். தம்பி மேசையில் குனிந்து ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்ததால் நிமிரவில்லை. அவள் நின்றாள். அவன் வெட்டும் கருவியை ஒரே இழுப்பாக இழுத்து முடித்து, கோட்டின் இருபக்கமும் பிடித்து ஒரு தட்டுத் தட்டினான். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது.

"சொல்லுங்க டீச்சர்."

"முதல் தடவைக்கு எச்சரிக்கை மட்டும்தான். அதான் எங்க விதி. நேத்து நான் நிறுத்தச் சொன்னது தப்பு" என்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம்.

"அப்ப எச்சரிக்கையைக் குடுங்க."

"கண்ணாடியைத் தூக்க விடக் கூடாது. கருவியைத் தொட விடக் கூடாது. இன்னொரு தடவை நடந்தா நிறுத்திடுவோம்."

"சரி. கேட்டுக்கிட்டேன்." கருவியை ஓரமாக வைத்துவிட்டு, "தூக்க வெச்சது தப்புதான். அவ போனப்புறம் நினைச்சுப் பாத்தா எனக்கே பயமா இருந்துச்சு" என்றான்.

வந்த வேலை முடிந்தது. அவள் கிளம்பவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி கிடந்தது; அவன் அதைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எங்க போன?" என்று கேட்டாள். எந்தக் கிழமை, எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை.

"ஒரு மருந்துக் கடையோட முன்கண்ணாடிய எவனோ உடைச்சுட்டான். கடை திறந்து கிடக்கு, வந்து மூடிக் குடுன்னு கூப்பிட்டாங்க. அப்பா நல்லா தூங்கிட்டிருந்தாரு. நர்ஸ்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அவங்க வேற வார்டுக்குப் போனது எனக்குத் தெரியாது."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"பண்ணியிருந்தா நீ வந்துருப்ப. மறுநாள் உனக்குப் பரீட்சை டூட்டி." அவன் வெட்டிய துண்டை எடுத்துச் சட்டத்தில் சாய்த்தான். "விழுந்தது என்னாலதான். அதுக்கு நீ என்ன திட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா நீ சொன்னதுல ஒண்ணு சுத்தப் பொய்."

"எது?"

"படிப்பப் பாதியில விட்டேன்னு சொன்ன. நான் எங்க பாதியில விட்டேன்? எல்லாப் பரீட்சையும் முழுசா எழுதி, முழுசா ஃபெயில் ஆனேன்."

அவன் முகத்தை விறைப்பாகத்தான் வைத்திருந்தான். டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. பின்பக்கம் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. அது சிரிப்பினாலா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்றாள்.

"ஆமா. பேசியிருக்கக் கூடாது." அவன் உறையை மாட்டிக்கொண்டான். "பொண்ண வரச் சொல்லு. முன்மேசையில உக்காந்து போன் எடுக்கட்டும். நேத்து ஒரு ஆள்கிட்ட ஜன்னலோட அளவு மட்டுமில்ல, எத்தனாவது மாடி, படி எவ்வளவு அகலம்னு எல்லாம் கேட்டு வெச்சிருக்கா. நான் கேக்க மறந்து எத்தனை தடவ திரும்பி வந்திருக்கேன் தெரியுமா?"

மிச்ச நாட்களும் சுண்டெலி கடைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை முதலாளிகள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். அதை டீச்சர் தானே தொலைபேசியில் கேட்டாள். "கேள்வி கேக்கறா, பதில் புரியலன்னா விட மாட்டேங்கறா. வாடிக்கையாளர் கோபமா பேசினா அவளுக்கும் கோபம் வருது, அத மட்டும் கொஞ்சம் பாக்கணும். அவங்கம்மா மாதிரி" என்றான். கடைசி இரண்டு வார்த்தைகளை டீச்சர் பதிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். இனி ஒத்திகை கிடையாது, தேர்வு வரை கணக்கு மட்டும்தான். டீச்சர் பலகையில் தேதியை எழுதிவிட்டுத் திரும்பியபோது, கடைசி வரிசையில் சுண்டெலி உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு, பையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "ரெண்டு விஷயம் டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் அம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அதுவரை கூப்பிடாமலேயே சமாளித்து வந்திருந்தாள். "இங்க என்னை மத்தவங்கள மாதிரியே நடத்தணும். வீட்டுல கணக்கப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மார்க் என்னன்னும் கேக்கக் கூடாது, எவ்வளவு முடிச்சன்னும் கேக்கக் கூடாது."

"திடீர்னு என்ன?"

"நீங்க மாமாகிட்ட போய் எச்சரிக்கை குடுத்துட்டு வந்தீங்களாமே. அவரு சொன்னாரு. அப்படின்னா உங்களால முடியும்னு தோணுச்சு."

டீச்சர் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. கடைப்பிடிப்பதில்தான் பிராணன் போயிற்று. வகுப்பில் பரவாயில்லை. சுண்டெலி கையைத் தூக்கி, "டீச்சர், அந்த மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மூன்றாவது தடவை கேட்டபோது, "இது கூடவா" என்பது நாக்கு நுனி வரை வந்தது. முன்வரிசையில் ஒருவன் அதே கேள்வியை நாலாவது தடவை கேட்கத் தயாராக இருப்பதைப் பார்த்தாள். "வா, மறுபடி முதல்லேர்ந்து பாப்போம்" என்றாள். அப்படிச் சொல்லிப் பழகப் பழக, மகளுக்கு எங்கே முட்டுகிறது என்று அவளுக்கே தெரிய வந்தது. கணக்கு வராதவள் இல்லை. கேள்வியை முழுதாகப் படிப்பதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிடுகிற அவசரக் குடுக்கை. இத்தனை வருஷம் குரலை உயர்த்திய வேகத்தில் டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டில் இன்னும் கஷ்டம். சுண்டெலி புத்தகத்தை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தால், டீச்சர் எழுந்து போய்த் துவைத்த துணியை மடிப்பாள். மடிக்கத் துணி இல்லாவிட்டால் மடித்ததையே பிரித்து மடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான், அவள் வீட்டில் இருக்கிற நேரத்திலேயே. அப்பாவின் அறை ஜன்னலில் கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றினான். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு வெயில் கண்ல படுது, கொஞ்சம் திரையை இழுங்க" என்று மட்டும் சொன்னார். அக்காவும் தம்பியும் பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரையைப் பிடித்து இழுத்ததில் கம்பி கழன்று கீழே விழுந்தது. அதை மாட்டுவதற்குள் ஒரு சின்னச் சண்டை வந்தது. அது நல்ல சண்டை.

கணக்குத் தேர்வு அன்று டீச்சருக்கு வேறு பள்ளியில் மேற்பார்வை. நாள் முழுக்க முன்பின் தெரியாத பிள்ளைகளின் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு பெண் கேள்வித்தாளை வாங்கியதும் பேனாவை எடுத்தாள்; பிறகு என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து படித்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது டீச்சருக்கு. மேற்பார்வைக்கு வந்தவர் தலையைத் தடவக் கூடாது. நடந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வீடு வந்தபோது சுண்டெலி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. கேள்வித்தாள் அவள் பக்கத்திலேயே கிடந்தது, நாலாக மடித்து. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"பசிக்குதா?" என்று கேட்டாள் டீச்சர்.

"பயங்கரமா."

இரண்டு பேரும் சமையலறைக்குப் போனார்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, சுண்டெலி தானாகவே சொன்னாள். "ஒரு பெரிய கேள்வி விட்டுட்டேன். நேரம் போதல. மத்ததெல்லாம் போட்டுட்டேன்."

எந்தக் கேள்வி, எத்தனை மதிப்பெண், ஏன் நேரம் போதவில்லை என்று டீச்சரின் நாக்கு துடித்தது. "சரி" என்றாள்.

முடிவு வந்தபோது, ஊரைக் கூட்டிச் சொல்கிற மதிப்பெண்ணாகவும் இல்லை, ஒளித்து வைக்கிற மதிப்பெண்ணாகவும் இல்லை. கணக்கில் தேறியிருந்தாள், கொஞ்சம் நன்றாகவே. மேற்கொண்டு கட்டட வரைபடம் சம்பந்தமாகப் படிக்கப் போவதாகச் சொன்னாள். டீச்சர் மனதில் வேறு படிப்பு வைத்திருந்தாள். இரண்டு நாள் எடுத்துச் சொன்னாள், மகள் இரண்டு நாள் மறுத்துச் சொன்னாள், மூன்றாம் நாள் விண்ணப்பம் போயிற்று. சனிக்கிழமைகளில் மாமா கடையில் தொலைபேசி எடுக்கவும் போகிறாளாம்.

அதைக் கேட்டதும் டீச்சர் தம்பியைக் கூப்பிட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"முடிச்சிட்டியா அக்கா?"

"முடிச்சிட்டேன்."

"அவ ஏற்கெனவே எல்லாத்தையும் ஒரு அட்டையில எழுதி சுவத்துல மாட்டிட்டா. என் ஆளுக்கும் சேத்து. நேத்திலேர்ந்து உறை போடாம என்னையே கண்ணாடியைத் தொட விட மாட்டேங்கறா" என்றான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டான்.